மலைப்பாதையை மூடியது சரி, ஃபயர் லைன் வெட்டியாச்சா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். கோடை வந்தாலே வனத்துறை மலையேற்றப் பாதைகளை எல்லாம் பூட்டிவிடுகிறது, சதுரகிரிக்குப் போனாலும் தீ என்று சொல்லி அடிவாரத்திலேயே திருப்பி அனுப்புகிறார்கள், தீப் பிடித்தால் அணைக்கத்தானே ஆள் இருக்கிறார்கள், மக்களை ஏன் தடுக்க வேண்டும் என்று. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் போடிநாயக்கனூர்க்காரன், ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் குரங்கணிப் பக்கத்து மலை தெரியும். அந்த வாசகருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது, அரசாங்கத்துக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் பத்தாது என்று வெட்டினாலும் பரவாயில்லை, வாச்சர்களைப் பற்றி, அதாவது காட்டுக்குக் காவல் இருக்கிற வனத்துறை ஆட்களைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மதியத்துக்கு மேல் மலையில் புகை தெரிந்தபோது ஊரில் நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மார்ச் மாதத்தில் புகை தெரியாமல் இருந்தால்தான் எங்களுக்கு ஆச்சரியம். அந்தப் புகைக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மகளிர் தினத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து வந்த, பெண்களே அதிகமாக இருந்த குழு ஒன்று, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழு, ரெண்டும் முதல் நாள் கொழுக்குமலை போய்ச் சேர்ந்து மறுநாள் குரங்கணி நோக்கி இறங்கி வரும்போது ஒத்தமரம் பக்கம் தீக்குள் மாட்டிக்கொண்டன. ஒன்பது பேர் மலையிலேயே போய்விட்டார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரிகளில், ஒவ்வொரு நாளும் ஒன்று, ரெண்டு என்று, கடைசியில் கணக்கு 23இல் வந்து நின்றது. பெரும்பாலும் இளவட்டம்.

முதலில் மேலே ஓடியது குரங்கணி, கொட்டகுடி ஆட்கள். டார்ச் லைட்டையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு இருட்டில் ஏறி, வெந்து கிடந்தவர்களைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கினார்கள். சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்களும் கருடா கமாண்டோக்களும் வந்து செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் ஹெலிகாப்டர் வந்து சேருவதற்கு முன்னால் மலையில் ஒரு இரவு இருக்கிறது, அந்த இரவைச் சமாளித்தது பக்கத்து ஊர்க்காரர்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

அவர்கள் போன பாதைக்கு அனுமதி இல்லை என்று அரசு பின்னால் சொன்னது. அப்போது வருவாய்த் துறைச் செயலராக இருந்த அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது, அந்த வருஷமே மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. அனுமதி, வழிகாட்டி, கட்டணம், எந்தப் பாதை எவ்வளவு கஷ்டம் என்று எல்லாம் எழுதி வைத்தார்கள். பிறகு 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று ஆரம்பித்து 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்கிற மாதிரி திறந்தார்கள், எங்கள் மாவட்டத்தில் குரங்கணி சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. அடுத்த பிப்ரவரியிலேயே, 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீக்காலம் என்று எல்லாவற்றையும் மூடினார்கள். வாசகருக்கு இதுதான் கோபம். எனக்கு இது ஒன்றுதான் இத்தனை வருஷத்தில் நிம்மதி தந்த செய்தி.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் மலைச்சரிவைப் படத்தில் பார்க்கிறவர்கள் பச்சைப் பசேல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த படம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஆள் உயரத்துக்குப் புல் நிற்கும், தையில் காயும், மாசி பிறந்தால் மலை முழுக்க வைக்கோல்தான். அதில் சுக்குநாறிப் புல் வேறு, கசக்கினால் எலுமிச்சை வாசம் வருமே, அந்த வாசமே எண்ணெய்தான். காய்ந்த பிறகு ஒரு தீக்குச்சி போதும். மழை நன்றாகப் பெய்த வருஷம் தீ குறைவாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மழை அதிகம் என்றால் புல்லும் அதிகம், மாசி பங்குனியில் எரிவதற்குச் சரக்கும் அதிகம். சோலைக்காடு அவ்வளவு சுலபத்தில் எரியாது, அது ஈரம் பிடித்தது. எரிவது புல்லும், உன்னிச்செடிப் புதரும், நாமே கொண்டுவந்து நட்ட யூகலிப்டஸ், சீகை (வாட்டில்) மாதிரி மரங்களும்தான்.

அப்புறம் சரிவு. சமதளத்தில் நடக்கிற தீ, மேட்டில் ஓடும். கீழே எரிகிற ஜுவாலை மேலே இருக்கிற புல்லைத் தொடுவதற்கு முன்னாலேயே அதைச் சூடாக்கிவிடுகிறது, கூடவே மத்தியான வேளையில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கித்தான் வீசும். அதனால் தீயைப் பார்த்ததும் உச்சியைப் பார்த்து ஓடுகிறவன் தீயோடு பந்தயம் வைக்கிறான், அதில் மனுஷன் ஜெயிக்க முடியாது. ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளலாம் என்று தோன்றும், அது இன்னும் மோசம், அந்தப் பள்ளம் வீட்டு அடுப்பின் புகைக்கூண்டு மாதிரி வேலை செய்யும். ஏற்கெனவே எரிந்து கருகின இடமோ, பாறையோ, வெறும் மண்ணோ, அங்கே போய்விட வேண்டும். இது எங்கள் ஊர் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். ஊரிலிருந்து நைலான் டீஷர்ட்டும் புது ஷூவும் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அந்தத் துணி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும் என்பதுகூடத் தெரியாது. தெரியாதவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அந்த ரெண்டு மாதம் வராதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மலை எங்கேயும் போகாது. ஆகஸ்டில் வாருங்கள், அட்டை கடிக்கும், அவ்வளவுதான்.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார், மூங்கில் உரசித் தானாகப் பிடிக்கிற தீக்கு மனுஷனை ஏன் தடுக்க வேண்டும் என்று. ஐயா, பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் படித்தேன். நம் நாட்டில் காட்டுத்தீயில் மிகப் பெரும்பகுதி ஆள் வைத்தது அல்லது ஆள் விட்டதுதான். புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மாடு மேய்க்கிறவர் வைப்பது உண்டு. பட்டா நிலத்து ஓரத்தில் குப்பையைக் கொளுத்திவிட்டுச் சாப்பிடப் போனவர் உண்டு. தேன் எடுக்கப் புகை போட்டவர், மலையில் தீ வைத்தால் மழை வரும் என்று நம்புகிற பெரியவர், பாட்டிலோடு ஏறி அடுப்பு மூட்டிக் கறி சுட்ட கும்பல், எல்லாரும் உண்டு. போடிமெட்டு ரோட்டில் காரின் கண்ணாடியை இறக்கி சிகரெட் துண்டைச் சுண்டிவிட்டுப் போகிறார்களே, 17 கொண்டை ஊசி வளைவிலும் அதை நான் பார்த்திருக்கிறேன். ரிசர்வ் காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்திலேயே குற்றம். சரணாலயத்தில் என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். சட்டத்துக்குப் பஞ்சமில்லை. செக்போஸ்ட்டில் பீடி, தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டால் ஆயிரம் ரூபாய் பிடுங்கின மாதிரி சண்டை போடுகிறோம். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஒருவர் லைட்டரை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன், கையில் விபூதி வேறு.

(தீ என்றாலே காட்டுக்குப் பகை என்று சொல்ல வரவில்லை. கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையில் இருக்கிற சோலிகர் பழங்குடிகள் முன்பெல்லாம் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே சருகை மட்டும் சின்னதாக எரித்துவிடுவார்கள், அதை நிறுத்திய பிறகுதான் உன்னிச்செடி இப்படி மண்டியது என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. ஆனால் காட்டைத் தெரிந்தவன் தையில் வைக்கிற சிறுதீயும், குடித்தவன் பங்குனியில் விடுகிற தீயும் ஒன்றில்லை.)

சரி, வாசகருக்குச் சொன்னது இதோடு போதும். இனி அரசாங்கத்துக்கு.

பாதையை மூடுவது சுலபம். ஒரு அறிவிப்பு, ஒரு சங்கிலி, ஒரு போர்டு. சுற்றுலாக்காரர் உள்ளே வராமல் இருந்தால் சாவு எண்ணிக்கை குறையும், செய்தி வராது. தீ குறையுமா? தீ குறைவதற்கான வேலை மார்கழியிலும் தையிலும் நடக்க வேண்டும். ஃபயர் லைன் என்பார்கள், ஐந்தாறு மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டி, வெட்டியதை அங்கேயே பக்குவமாக எரித்து, மண் தெரிகிற மாதிரி ஒரு கோடு. அந்தப் பக்கம் பிடித்தது இந்தப் பக்கம் வராமல் இருக்க, வந்தாலும் நின்று அடிக்க ஒரு இடம் கிடைக்க. இந்த வேலைக்குக் காசு மாசியில் வந்தால் எதற்கு ஆகும்? புல் காய்ந்த பிறகு கோடு போடப் போனால் அந்த வேலையே தீயாக முடியும். நான் கேட்பது ஒரே கேள்வி. பிப்ரவரி 15ஆம் தேதி பாதையை மூடுகிறோம் என்று அறிவிக்கும்போது, கூடவே, எங்கள் மாவட்டத்தில் இத்தனை கிலோமீட்டர் ஃபயர் லைன் ஜனவரி முடிவதற்குள் வெட்டி முடித்துவிட்டோம், பாக்கி இவ்வளவு என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்களேன். மக்களுக்குத் தடை போடுகிறவர்கள் தங்கள் கணக்கையும் காட்டுவதுதானே முறை.

இப்போது வாச்சர்கள். எனக்கு மருமகன் முறை ஆகிற பையன் ஒருவன் தற்காலிக வாச்சராக இருக்கிறான், எந்த ரேஞ்ச் (வனச்சரகம்) என்று எழுதப் போவதில்லை. தீக்காலத்தில் அவன் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். போன மாதம் வந்தபோது புருவத்தில் பாதி இல்லை, செருப்பின் அடிப்பாகம் உருகி வளைந்திருந்தது. என்னடா ஷூ தரவில்லையா என்றேன். "குடுத்தாங்க மாமா, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. ரெண்டு சைஸ் பெருசு. ஓட முடியாது, அதான் செருப்பு" என்றான். எப்படி அணைக்கிறீர்கள் என்று கேட்டால், பச்சைக் கொப்பை ஒடித்து வரிசையாக நின்று அடிப்போம் என்கிறான். தண்ணீர் குடிப்பதற்கே கேனில் சுமந்துகொண்டு போக வேண்டும், அணைக்க எங்கே? ரோடு முடிகிற இடத்தோடு தீயணைப்பு வண்டிக்கு வேலை முடிந்தது. மத்தியானத் தீயைக் கிட்டே போய் அடிக்கவே முடியாது, காற்று அடங்குகிற ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் வேலை, அதுவும் யானையும் காட்டெருமையும் தீக்குப் பயந்து அதே வழியாக இறங்கி வருகிற நேரத்தில். சில இடத்தில் தீ வருகிற பக்கத்துக்கு எதிரே இவர்களே தீ வைத்து, ரெண்டும் மோதித் தின்ன ஒன்றுமில்லாமல் அடங்கவைப்பார்கள். காற்று ஒரு நிமிஷம் திரும்பினால் வைத்தவர்கள் நடுவில். "தீ கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி சத்தம் வரும் மாமா, யாரோ பெரிய பாலித்தீன் பையைக் கசக்குற மாதிரி" என்றான். அதைச் சொல்லும்போது அவன் சிரித்தான், எனக்குச் சோறு இறங்கவில்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று யாராவது நினைத்தால், 2020 பிப்ரவரியில் கேரளாவில் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் தீயை அணைக்கப் போன மூன்று வாச்சர்கள் அந்தத் தீயிலேயே இறந்தார்கள். 2024 ஜூனில் உத்தராகண்ட் பின்சர் சரணாலயத்தில் வனப் பணியாளர்கள் நாலு பேர் ஒரே நாளில் இறந்தார்கள். நிரந்தர வேலை இல்லாதவன் தீயில் செத்தால் குடும்பத்துக்கு என்ன, கை வெந்தால் அடுத்த மாதச் சம்பளம் என்ன, இதெல்லாம் தீ வந்த பிறகு பேசித் தீர்க்கிற விஷயமா? முதலில் அளவான ஷூ, எரியாத துணியில் சட்டை, காற்று ஊதி. அந்தக் காற்று ஊதி சில ரேஞ்சுகளுக்கு வந்திருக்கிறதாம், சருகை ஊதித் தள்ளிக் கோடு போட பத்து ஆள் வேலையை ஒரு ஆள் செய்கிறான் என்கிறார்கள். எல்லா இடத்துக்கும் வரட்டும். குரங்கணி மாதிரி அடிவார ஊர்களில் தீக்காலத்துக்கு மட்டும் பத்துப் பத்துப் பேரை நாள் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளட்டும், பழக்கிவைக்கட்டும். அன்றைக்குப் போர்வையோடு ஏறினவர்கள் யாரும் பயிற்சி எடுத்தவர்கள் இல்லை, ஆனாலும் ஏறினார்கள். அந்த ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஹெலிகாப்டர் இருக்கிறதே என்பார்கள். 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் நாள்கணக்கில் எரிந்தபோது சூலூரிலிருந்து எம்ஐ-17 வந்து, ராலியா அணையில், கீழே தொங்கவிடுகிற பாம்பி பக்கெட்டில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றியது. நல்ல விஷயம், எங்கள் ஊருக்கும் வந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் பக்கத்தில் மொள்ளுகிற மாதிரி தண்ணீர் வேண்டும், புகை விலக வேண்டும், காற்று அடங்க வேண்டும், ஊற்றியது ஆவியாகாமல் தரைக்கு வர வேண்டும். ஊற்றிய பிறகும் புகைந்துகொண்டிருக்கிற கட்டையைப் புரட்டிப் பார்த்து மண் போட்டு மூட, கீழே ஒரு ஆள் நடந்துதான் ஆக வேண்டும். அந்த ஆள் யார் என்று மேலே எழுதிவிட்டேன்.

தகவலுக்குக் குறைவில்லை. டேராடூனில் இருக்கிற இந்திய வன அளவை நிறுவனம் (Forest Survey of India) செயற்கைக்கோள் பார்த்து எங்கே சூடு தெரிகிறதோ அந்த இடத்தை வனத்துறைக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது, பொதுமக்களும் பதிவு செய்துகொண்டால் நமக்கும் வரும். நான் பதிவு செய்திருக்கிறேன். ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில தடவைதான் தலைக்கு மேலே போகும், நடுவில் பிடித்த சின்னத் தீ அதற்குத் தெரியாது. எங்கள் மொட்டை மாடிக்குத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னால் ராத்திரி பத்து மணிக்கு மலையில் கோயில் கொடைக்குச் சீரியல் செட் போட்ட மாதிரி ஒரு வரிசை தெரிந்தது. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஒரு அலுவலகத்துக்குப் போன் போட்டோம். எடுத்தவர் எந்த பீட் என்று கேட்டார், அதாவது ஒரு வனக்காவலருக்குப் பிரித்துக் கொடுத்த பகுதி. எனக்கு எப்படித் தெரியும் ஐயா, மாடியிலிருந்து பார்க்கிறேன், தெற்குச் சரிவு என்றேன். பீட் தெரியாமல் பதிவு செய்ய முடியாது என்றார். வேறு நம்பர் தந்தார், அது சுவிட்ச் ஆஃப். நாங்கள் வீட்டுக்குள் போய்ப் படுக்கவும் முடியாமல், அந்த வரிசை மெதுவாக மேலே ஏறுவதை ஒரு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அதனால் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தினமும் வானிலை போடுகிறீர்கள், தங்கம் விலை போடுகிறீர்கள், அணை நீர்மட்டம் போடுகிறீர்கள். மாசியிலிருந்து வைகாசி வரை தேனி, திண்டுக்கல், விருதுநகர், நீலகிரிப் பதிப்புகளில் அதற்குப் பக்கத்திலேயே நாலு வரி ஒதுக்குங்கள். எந்தப் பாதை மூடியிருக்கிறது, எந்தக் கோயில் மலைக்குத் தடை, எங்கே தீ எரிகிறது, புகை பார்த்தால் ராத்திரியிலும் யார் போன் எடுப்பார்கள். நம்பரைப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை நீங்களே ராத்திரி பத்து மணிக்கு அடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
போடிநாயக்கனூரிலிருந்து ஒரு வாசகன்